கண்மாயை அளப்பது எப்படி? வட்டார சூழலியல் ஆய்வகம்: ஓர் எளிய அறிமுகம்

சூழலியல் ஆய்வகம் என்றதும் சிலருக்கு வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் குடுவையும் நினைவுக்கு வரும். சிலருக்கு மரம் நடு விழாவும் பிளாஸ்டிக் ஒழிப்புப் பேரணியும். மதுரைப் பக்கம் கல்லூரியில் விலங்கியலோ தாவரவியலோ எடுத்த பிள்ளைகளின் வீட்டில், "அந்த லேப்புல அப்படி என்னதான் செய்றாங்க?" என்று பெற்றோர் கேட்பது வழக்கம். நியாயமான கேள்விதான். வேதியியல் ஆய்வகத்தில் என்ன நடக்கும் என்பது ஓரளவு எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு கண்மாயையோ ஒரு குன்றையோ கட்டடத்துக்குள் தூக்கி வர முடியாதே, அப்புறம் அங்கே எதை வைத்து ஆராய்ச்சி செய்வது?

பாடத்தை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓர் உயிர் எங்கே வாழ்கிறது, எத்தனை வாழ்கின்றன, எதைத் தின்கிறது, எதற்கு இரையாகிறது, மழை பொய்த்த வருடத்தில் என்ன ஆகிறது என்று கேட்பது சூழலியல். 1866-இல் ஜெர்மானிய உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹேக்கல் இந்தத் துறைக்குப் பெயர் வைத்தார். உயிர்களை மட்டும் பார்த்தால் போதாது. மண், நீர், வெயில், காற்று எல்லாவற்றையும் அவற்றோடு சேர்த்து ஒரே அமைப்பாகப் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தை 1935-இல் ஆர்தர் டான்ஸ்லி முன்வைத்தார். சூழல் மண்டலம் என்று பள்ளிப் புத்தகத்தில் படிப்பது அதைத்தான். வரலாறு இவ்வளவு போதும்.

வேலை என்று வந்தால் எல்லாமே ஒரு கேள்வியில் போய் நிற்கும்: எதோடு ஒப்பிட்டு? "இந்தக் கண்மாயில் பறவை குறைந்துவிட்டது" என்று ஒருவர் சொன்னால், எந்த வருடத்தோடு ஒப்பிட்டு, எந்த மாதத்தோடு ஒப்பிட்டு, எந்தக் கண்மாயோடு ஒப்பிட்டு என்று கேட்பவர்தான் சூழலியலாளர். அப்படி ஒப்பிடத் தக்க அளவுகளைச் சேர்ப்பதும், சேர்த்ததைப் பாதுகாப்பதும்தான் ஆய்வகத்தின் வேலை. கட்டடத்துக்குள் நடப்பதெல்லாம் வெளியே அளந்ததை ஒழுங்குபடுத்துவதுதான்.

மதுரைக்கு ஏன் தனி ஆய்வகம்?

இயற்பியல் விதிகள் மதுரைக்கும் மாஸ்கோவுக்கும் ஒன்றுதான். கண்மாய் அப்படி இல்லை. மதுரை கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருக்கும் வெயில் பூமி. வருடத்துக்குச் சராசரியாக 850 மில்லிமீட்டர் அளவில் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிக் கொட்டித் தீர்த்துவிடும். இங்கிருந்து வடமேற்கே நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் போனால் 2,000 மீட்டருக்கு மேலே கொடைக்கானல், சோலைக்காடு, புல்வெளி. வடக்கே அழகர்மலையிலும் சிறுமலையிலும் இலையுதிர் காடு. தெற்கே திருவில்லிபுத்தூர் மலையில் சாம்பல் நிற மலை அணில். ஊரை ஒட்டியே நாகமலையின் மொட்டைப் பாறையும் முட்புதரும். ஒரே நாளில் பஸ்ஸில் போய்த் திரும்பும் தொலைவுக்குள் இத்தனை வகை நிலங்கள். ஒன்றில் கண்ட உண்மை அடுத்ததில் செல்லாமல் போகலாம்.

நீர்நிலையை எடுத்துக்கொண்டால் இது இன்னும் நன்றாகப் புரியும். சூழலியல் பாடப்புத்தகங்களில் வரும் ஏரி பெரும்பாலும் குளிர்நாட்டு ஏரி. ஆழமானது, வருடம் முழுக்க நீர் நிற்பது, குளிர்காலத்தில் மேலே உறைவது. நம் கண்மாய்க்கு ஆழம் குறைவு. வரத்துக்கால் வழியே தண்ணீர் வரும், நிறைந்தால் கலுங்கு வழியே மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும், மடை வழியே வயலுக்குப் போகும். சித்திரையில் பல கண்மாய்கள் காய்ந்து வெடித்துவிடும். குளிர்நாட்டுப் புத்தகத்தின்படி பார்த்தால் அது அழிந்துபோன நீர்நிலை. நம் ஊர்க் கணக்கில் அது கண்மாயின் வழக்கமான கோடைக்காலம்.

அந்தக் காய்ந்த மண்ணில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது ஆய்வகத்தில் செய்யக்கூடிய மிக அழகான பரிசோதனைகளில் ஒன்று. கண்மாயின் உள்வாயில் நாலைந்து இடங்களில் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்து, எந்த இடம் என்று எழுதிய பைகளில் போட்டுக் கொண்டுவர வேண்டும். அகலமான தட்டுகளில் பரப்பி, குளோரின் இல்லாத நீரை ஊற்றி, வெளிச்சம் படும் ஜன்னலோரம் வைக்க வேண்டும். சில நாட்கள் கழித்து ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் ஓட்டுடம்போடு துள்ளும் நீர்த்தெள்ளுப் பூச்சிகளைப் பார்க்கலாம். வறட்சியைத் தாங்குவதற்கென்றே தடித்த உறையோடு இட்டுவைத்த முட்டைகளிலிருந்து அவை பொரித்திருக்கும். தட்டின் ஓரத்தில் கோரையும் புல்லும் முளைக்கத் தொடங்கும். புழுதியாகக் கிடந்த மண்ணுக்குள் அடுத்த வருடத்துக் கண்மாய் காத்திருந்திருக்கிறது. எத்தனை பேருக்குச் செய்துகாட்டினாலும் அந்த முதல் சொட்டைப் பார்க்கும் முகத்தில் வரும் வியப்பு மாறுவதே இல்லை.

நத்தைகளும் அப்படித்தான். தண்ணீர் வற்றும்போது ஓட்டின் மூடியை இறுக்கிக்கொண்டு சேற்றுக்குள் இறங்கி உறங்கிவிடும். மழை வந்தால் மேலே வரும். அவை வந்தால் நத்தைகுத்தி நாரையும் வரும். நாரையை எண்ணுபவர் ஒருவர், நத்தையை எண்ணுபவர் ஒருவர், மண்ணைத் தட்டில் பரப்புபவர் ஒருவர். மூவரும் ஒரே ஆய்வகத்தில் இருந்தால், எந்தக் கண்மாயில் மண்ணைத் தோண்டி அள்ளியபின் நாரை வரவில்லை என்ற தொடர்பைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. வட்டார ஆய்வகத்தின் பலம் இதுதான்.

ஒரு பாட்டில் தண்ணீர்

இப்போது ஓர் அளவை மட்டும் நெருங்கிப் பார்க்கலாம். நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன். மீனும் தவளைக் குஞ்சும் சுவாசிப்பது அதைத்தான்.

அளப்பதற்கு 300 மில்லி பிடிக்கும், சாய்வாகச் சீவிய மூடி போட்ட கண்ணாடிப் பாட்டில் வேண்டும். காற்றுக் குமிழ் ஒன்றுகூட உள்ளே போகாமல் தண்ணீருக்குள் முக்கி நிரப்பி, அங்கேயே மூட வேண்டும். ஒரு குமிழ் புகுந்தாலும் வெளிக்காற்றின் ஆக்சிஜன் கலந்து கணக்கு கெட்டுவிடும். கரையில் உட்கார்ந்து, பிப்பெட் என்ற உறிஞ்சுகுழாயின் முனையை நீர்மட்டத்துக்குக் கீழே இறக்கி, மாங்கனீஸ் சல்ஃபேட் கொஞ்சம், அயோடைடு கலந்த காரக் கரைசல் கொஞ்சம் விட்டு மூடி, தலைகீழாகத் திருப்பித் திருப்பிக் கலக்க வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகத் திரிந்து பஞ்சுபோல அடியில் இறங்கும். இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும். சாக்கடை கலந்த வாய்க்காலில் எடுத்த பாட்டிலில் அந்த வெள்ளையைப் பார்த்தவர்களுக்கு, மேற்கொண்டு எண் எதுவும் தேவைப்படாது.

இவ்வளவும் கண்மாய்க் கரையிலேயே முடிந்துவிடும். ஆக்சிஜன் இனி தப்பித்துப் போகாது. பாட்டிலை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து கந்தக அமிலம் விட்டால் வீழ்படிவு கரைந்து தேன் நிறமாகும். அதில் 200 மில்லி எடுத்து, பியூரெட் என்ற அளவுக்கோடு போட்ட குழாயிலிருந்து தயோசல்ஃபேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நிறம் வெளிறி வைக்கோல் மஞ்சளாகும்போது இரண்டு சொட்டு ஸ்டார்ச் விட்டால் கருநீலமாகும். இன்னும் சில சொட்டுகளில் அந்த நீலம் சட்டென்று மறையும் இடத்தில் நிறுத்தி, பியூரெட்டில் ரீடிங் பார்க்க வேண்டும். வழக்கமாகப் பயன்படுத்தும் 0.025 நார்மல் செறிவுக் கரைசல் என்றால், செலவான ஒவ்வொரு மில்லியும் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஆக்சிஜன். இதற்கு விங்க்ளர் முறை என்று பெயர். இப்போது மின்முனை வைத்த மீட்டர்கள் வந்துவிட்டன, நொடியில் எண் காட்டும். ஆனாலும் மீட்டர் சரியாகச் சொல்கிறதா என்று பார்க்கத் திரும்பவும் இந்தப் பாட்டிலைத்தான் எடுக்கிறார்கள். முதலாமாண்டு மாணவர் யாராக இருந்தாலும் இதைக் கையால் ஒருமுறை செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கரையில் இதைச் செய்துகொண்டிருந்தால் யாராவது வந்து கேட்பார்கள்.

"என்னம்மா, தண்ணியில மருந்து கலக்குறீகளா?"

"இல்லங்கய்யா. தண்ணிக்குள்ள எவ்வளவு காத்து இருக்குன்னு பாக்குறோம்."

"அப்ப இந்நேரத்துல வந்து என்ன பண்றீக? விடியக்காலம் வாங்க. கெண்டை பூரா வாயப் பொளந்துக்கிட்டு மேலதான் நிக்கும்."

கண்மாயில் மீன் பிடிப்பவர் சொல்லும் இந்த ஒரு வரியில் ஒரு பாடமே இருக்கிறது. பகலில் பாசியும் நீர்ச்செடிகளும் வெயிலை வைத்து உணவு தயாரிக்கும்போது நீரில் ஆக்சிஜனை விடுகின்றன. இரவில் வெயில் இல்லை. பாசி, மீன், பாக்டீரியா எல்லாமே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள மட்டும் செய்கின்றன. அதனால் விடிவதற்குச் சற்று முன்புதான் அளவு மிகக் குறைவாக இருக்கும். 30 டிகிரி வெப்பத்தில் காற்றோடு சமநிலையில் இருக்கும் நன்னீரில் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். பாசி மண்டிப் பச்சைப்பசேலென்று கிடக்கும் கண்மாயில் பிற்பகலில் அதையும் தாண்டும். அதே இடத்தில் விடியலில் 2-க்குக் கீழே இறங்கவும் கூடும். அந்த நேரத்தில்தான் கெண்டை மேலே வந்து வாயைத் திறக்கிறது. விராலுக்கு வெளிக்காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு தனியே இருப்பதால் அது சமாளித்துக்கொள்ளும்.

ஆகவே "இந்தக் கண்மாயின் ஆக்சிஜன் 8" என்று யாராவது சொன்னால் அதில் பாதிச் செய்திகூட இல்லை. எந்த நாள், எத்தனை மணி, எந்த ஆழம், மேகமா வெயிலா, மடைப் பக்கமா வரத்துக்கால் பக்கமா? இவ்வளவும் சேர்ந்தால்தான் அடுத்த மாத அளவோடு வைத்துப் பார்க்க முடியும். ஆய்வக நோட்டில் எண்ணைவிட அதைச் சுற்றி எழுதும் விவரமே நீளமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆகாயத்தாமரை மூடிய கண்மாயில் கதை வேறு. தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி அது. தோதான நிலையில் இரண்டு வாரத்தில் பரப்பை இரட்டிப்பாக்கிவிடும். வெளிச்சம் கீழே இறங்காது, பாசி வேலை செய்யாது, காற்றும் நீரும் தொடும் பரப்பு குறையும், அடியில் அழுகும் இலைகள் இருக்கும் ஆக்சிஜனையும் தின்றுவிடும். சாக்கடையின் நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான் அதற்கு உரம். செடியை மட்டும் இயந்திரம் வைத்து அள்ளிவிட்டு, சாக்கடை வரும் வழியை அப்படியே விட்டால் அடுத்த வருடமும் அள்ள வேண்டியதுதான். இதைச் சொல்ல ஆய்வகம் எதற்கு என்று கேட்கலாம். அள்ளுவதற்கு முன்னும் பின்னும், சாக்கடையை அடைப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகள் கையில் இருந்தால், பணத்தை எதில் போடுவது என்று வாதாட முடியும். இல்லாவிட்டால் எல்லோரும் தங்கள் கருத்தைச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

எண்ணுவது எப்படி

நாகமலைச் சரிவில் எத்தனை வகைச் செடிகள், எந்தச் செடி எவ்வளவு? முழு மலையையும் எண்ண முடியாது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். கிளறிக் கிளறி வெந்த சோற்றுக்கு அது சரி. மலையை யாரும் கிளறவில்லை. ஓடையோரம் ஒருவகைச் செடி, பாறை இடுக்கில் ஒருவகை, ஆடு மேயும் பக்கம் வேறொருவகை. எனவே பல இடங்களில் மாதிரி எடுக்க வேண்டும். கயிறு கட்டிச் சதுரம் போடுவார்கள். புல் பூண்டுக்கு ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், புதருக்கு ஐந்துக்கு ஐந்து, மரத்துக்குப் பத்துக்குப் பத்து என்பது பரவலான வழக்கம். சதுரத்துக்குள் இருக்கும் ஒவ்வொன்றையும் பெயரோடு எழுத வேண்டும்: உசிலை, கிளுவை, காரை, சூரை, கள்ளி. மரமென்றால் நெஞ்சுயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.37 மீட்டரில், டேப் சுற்றிச் சுற்றளவு எடுக்க வேண்டும். உலகில் பல நாடுகளிலும் கிட்டத்தட்ட அதே உயரத்தில்தான் அளக்கிறார்கள்.

சதுரத்தை எங்கே போடுவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நம் விருப்பத்துக்கு விட்டால் கால் தானாக நிழலுள்ள, முள் குறைந்த, ஒற்றையடிப் பாதைக்குப் பக்கத்து இடத்துக்குப் போய்விடும். அப்படி எடுத்த கணக்கு, மனிதர் நடக்கப் பிரியப்படும் இடத்தைப் பற்றியது. மலையைப் பற்றியது ஆகாது. அதனால் வரைபடத்தில் கட்டம் போட்டு, எண்களைக் குலுக்கிப்போட்டு இடத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். குலுக்கலில் விழுந்த இடம் சப்பாத்திக்கள்ளிக்கு நடுவே இருந்தாலும் அங்கேதான் கயிறு கட்ட வேண்டும். கார்த்திகையில் எடுத்த கணக்கையும் வைகாசியில் எடுத்த கணக்கையும் நேருக்கு நேர் ஒப்பிடவும் கூடாது. மழைக்குப்பின் முளைத்து இரண்டே மாதத்தில் காய்ந்துபோகும் பூண்டுகள் இங்கே ஏராளம்.

ஓடும், பறக்கும் உயிர்களுக்குச் சதுரம் உதவாது. பறவைகளுக்கு ஒரு குறிப்பிட்ட பாதையில் ஒரே வேகத்தில் நடந்து இருபுறமும் எண்ணுவது ஒரு முறை. ஓரிடத்தில் நின்று பத்து நிமிடம் எண்ணுவது இன்னொன்று. நத்தை, தும்பி போன்றவற்றுக்கு ஓர் அழகான கணக்கு உண்டு. ஒரு குட்டையில் 50 நத்தைகளைப் பிடித்து ஓட்டில் சிறு பொட்டு வைத்து விட்டுவிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சில நாள் கழித்து மறுபடி 40 பிடிக்கிறீர்கள். அதில் 10-இல் பொட்டு இருக்கிறது. அதாவது பிடித்ததில் கால்வாசி. அப்படியானால் முதலில் பொட்டு வைத்த 50-ம் மொத்தத்தில் கால்வாசிதான். குட்டையில் சுமார் 200 நத்தைகள். இடையில் நிறைய செத்துவிடக் கூடாது, பொட்டு அழியக் கூடாது, குறியிட்டவை மற்றவற்றோடு நன்றாகக் கலந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. காட்டு விலங்குகளில் இதைச் செய்ய வனத்துறையின் அனுமதி கட்டாயம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதில் கறாரானது.

அலமாரியில் இருந்த வௌவால்

எண்ணுவதற்கு முன் பெயர் தெரிய வேண்டும். அதற்காகத்தான் ஆய்வகத்தில் உலர்ந்த செடிகளை அட்டையில் ஒட்டி வைத்த ஹெர்பேரியமும், பூச்சிப் பெட்டிகளும், பாட்டில்களில் ஊறும் உயிர்களும் இருக்கின்றன. பார்க்க தூசி படிந்த அலமாரிபோலத் தெரியும். அதன் மதிப்புக்கு நம் பக்கத்து மலையிலேயே உதாரணம் இருக்கிறது.

1948-இல், தேனி மதுரை மாவட்டத்தோடு சேர்ந்திருந்த காலம், மேகமலையில் எஸ்டேட்டில் இருந்த ஆங்கஸ் ஹட்டன் என்ற இயற்கை ஆர்வலர் ஒரு பழந்தின்னி வௌவாலைச் சேகரித்தார். அது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்புக்குப் போனது. பரவலாகக் காணப்படும் ஒரு வௌவால் என்றே பெயரெழுதி வைத்துவிட்டார்கள். இருபது வருடத்துக்கு மேல் கழித்து, தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லோங்யா அதை எடுத்துப் பல்லையும் மண்டையோட்டையும் கவனித்துப் பார்த்தபோதுதான், அது உலகம் அறியாத புது இனம், புதுப் பேரினம் என்று தெரிந்தது. 1972-இல் அதற்குப் பறவையியலாளர் சாலிம் அலியின் பெயர் வைக்கப்பட்டது. அந்த ஒற்றை உடலோடு எங்கே, எப்போது, யார் எடுத்தது என்ற குறிப்பு இல்லாமல் போயிருந்தால், மேகமலைக்குத் திரும்பிப்போய்த் தேட வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. அதனால்தான் மாதிரியில் சீட்டு கட்டாமல் வைப்பதை ஆய்வகங்களில் பெரிய குற்றமாகப் பார்க்கிறார்கள்.

வௌவால் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர் ஜி. மாரிமுத்துவும் மற்றவர்களும் வளாகத்துக்கு அருகிலுள்ள குகைகளில் இலைமூக்கு வௌவால்களை ஆராய்ந்தார்கள். குகைக்குள் இரவும் பகலும் ஒரே இருட்டு. அப்படியிருக்க, வெளியே சூரியன் மறைந்தது வௌவாலுக்கு எப்படித் தெரிகிறது? உள்ளே ஒரு வௌவாலைக் கூண்டில் வைத்து, அது எப்போதெல்லாம் படபடக்கிறது என்று பதிவு செய்தார்கள். தன் கூட்டம் தினமும் போய் வந்துகொண்டிருந்த குகையில், வெளிச்சத்தையே காணாத அந்தக் கூண்டு வௌவாலும் கூட்டத்தின் நேரத்தை ஒட்டியே விழித்தது. வேறு வௌவால் இல்லாத குகையில் வைத்தபோது அதன் உடற்கடிகாரம் 24 மணி நேரத்திலிருந்து நழுவி, தன் போக்கில் ஓடியது. 1981-இல் வெளியான இந்த ஆய்வு, கூட்டாளிகளின் நடமாட்டமே கடிகாரத்தைத் திருத்தும் என்று காட்டியது. இரண்டு குகைகள், ஒரு வித்தியாசம் மட்டும். பெரிய கருவிகள் இல்லாமல் பக்கத்துப் பாறையிலேயே ஒரு நல்ல ஒப்பீட்டை அமைக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சீமைக் கருவேலம் என்ற கடினமான கணக்கு

இந்தப் பகுதியில் யாரிடம் பேசினாலும் கடைசியில் சீமைக் கருவேலத்தில் வந்து நிற்கும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த மரம். ஆடு மாடு நெற்றைத் தின்று, விதையைச் சாணத்தோடு போகிற இடமெல்லாம் போட்டுப் பரப்பும். வெட்டினால் தூரிலிருந்து மறுபடி தழைக்கும். இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு இதுதான் வருமானம். 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை அகற்ற உத்தரவிட்டதும் ஊரெங்கும் பேச்சானது.

"சீமைக் கருவேலம் இருக்கும் இடத்தில் மற்றச் செடிகள் குறைவு" என்று ஓர் ஆய்வு சதுரம் போட்டுக் கண்டுபிடிக்கிறது என்று வையுங்கள். இந்த மரம்தான் காரணம் என்று உடனே சொல்லிவிடலாமா? சொல்லக் கூடாது. இந்த மரம் ஏற்கெனவே உவர் ஏறிய, மேய்ச்சலில் தேய்ந்த, யாரும் உழாத நிலத்திலும் நன்றாக வளரும். மரம் வந்ததால் நிலம் கெட்டதா, கெட்ட நிலத்தில் மரம் வந்ததா? அருகருகே உள்ள இரண்டு இடங்களை ஒருமுறை பார்த்துவிட்டு இதைப் பிரிக்க முடியாது.

பிரிக்க வழி உண்டு, பொறுமை வேண்டும். ஒரே கண்மாயின் உள்வாயில், ஒரே மண், ஒரே மேய்ச்சல் உள்ள பரப்பில் பல துண்டுகளைக் குறிக்க வேண்டும். குலுக்கிப் போட்டுப் பாதித் துண்டுகளில் மரத்தை வேரோடு எடுக்க வேண்டும். மீதியை அப்படியே விட வேண்டும். எடுப்பதற்கு முன்பே எல்லாவற்றிலும் செடிகளை எண்ணி, மண்ணின் உப்பையும் கரிமச் சத்தையும் ஈரத்தையும் அளந்து வைத்துவிட வேண்டும். அப்புறம் ஒவ்வொரு மழைக்குப் பின்னும் அதே அளவுகள், பல வருடங்களுக்கு. இதோடு கட்டடத்துக்குள் இன்னொரு பரிசோதனை: உதிர்ந்த இலையை ஊறவைத்த நீரைச் சில தட்டுகளிலும், வெறும் நீரைச் சில தட்டுகளிலும் ஊற்றி, ஒரே விதைகளைப் போட்டு எத்தனை முளைக்கின்றன என்று பார்ப்பது. இலைச்சாறு பல விதைகளின் முளைப்பைத் தடுக்கிறது என்று இப்படிச் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் தட்டில் நடந்தது கண்மாயிலும் அதே அளவுக்கு நடக்கிறதா என்பதைத் துண்டு நிலங்கள்தான் சொல்ல வேண்டும். உள்ளேயும் வெளியேயும் செய்து இரண்டையும் பொருத்திப் பார்ப்பதுதான் முறை.

இன்னொரு சிக்கலும் உண்டு. மரத்தை எடுத்தபின் அந்த இடத்தில் என்ன வரும்? ஒன்றும் நடாமல் விட்டால் பெரும்பாலும் அதே மரத்தின் விதைகள்தான் முளைக்கும். கருவேலமும் பனையும் புங்கமும் வைத்துக் காவல் காத்தால் வேறு விதமாகப் போகும். அகற்றுவதற்குச் செலவழிக்கும் எவரும் அகற்றிய பிறகு ஐந்து வருடம் அளப்பதற்கும் கொஞ்சம் பணம் ஒதுக்க வேண்டும் என்று நான் மிகவும் விரும்புகிறேன்.

அரிட்டாபட்டியின் பட்டியல்

மேலூர் அருகே அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் சுமார் 193 ஹெக்டேர் பரப்பை 2022 நவம்பரில் தமிழக அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் முதல் தலம் அது. லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, பொனெல்லிக் கழுகு ஆகியவற்றையும் சேர்த்து 250 அளவுக்குப் பறவையினங்கள், தேவாங்கு, எறும்புத்தின்னி, மலைப்பாம்பு, சுனைகள், ஏரிகள், சமணப் படுகை, பாண்டியர் காலக் குடைவரை எல்லாம் அந்த அறிவிப்பில் இடம்பெற்றன. 2024-இல் அந்தப் பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த செய்தி வந்ததும் சுற்றுவட்டாரமே எழுந்தது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

ரத்துக்குக் காரணம் மக்கள் திரண்டதுதான். அதை வேறு யார் கணக்கிலும் எழுதக் கூடாது. அதே நேரத்தில், அந்த மக்களின் கையில் ஒரு பட்டியல் இருந்தது. வருடக்கணக்கில் பாறையடியில் நின்று பறவை பார்த்தவர்களின் தேதி போட்ட குறிப்புகளும், ஊர்க்காரர்களின் அறிவும் சேர்ந்த பட்டியல். "இங்கே ஒன்றுமில்லாத பொட்டல்" என்று யாராலும் சொல்ல முடியவில்லை. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றைத் தயாரிக்க வேண்டும். பெயர் தெரியாத செடிக்குப் பெயர் சொல்லவும், ஊர்ப்பெயரையும் அறிவியல் பெயரையும் பொருத்தவும் பக்கத்தில் ஓர் ஆய்வகம் இருந்தால் அந்தப் பதிவேடு உயிருள்ளதாக இருக்கும்.

நீங்கள் தொடங்க வேண்டுமென்றால்

கல்லூரியில் சேர்ந்துதான் தொடங்க வேண்டும் என்றில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கண்மாயைத் தேர்ந்துகொள்ளுங்கள். வண்டியூரோ மாடக்குளமோ, உங்கள் ஊர்ச் சின்னக் கண்மாயோ எதுவானாலும் சரி. கரையில் ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு, வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில் போய், பத்து நிமிடம் நின்று தெரியும் பறவைகளை எண்ணி எழுதுங்கள். முக்குளிப்பான், நாமக்கோழி, நீர்க்காகம், மடையான் ஆகிய நான்கை அடையாளம் தெரிந்தாலே போதும், மற்றவை தானாக வந்துவிடும். 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழகம் முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அதில் யாரும் சேரலாம், இ-பேர்ட் தளத்தில் ஃபோனிலிருந்தே பதிவு செய்யலாம்.

தேதி, நேரம், இடம், வானிலை, நீர்மட்டம் எங்கே நிற்கிறது (மடைக்கல்லை வைத்துச் சொன்னால் போதும்) இவற்றை விடாமல் எழுதுங்கள். போன வாரம் இருந்த பறவை இந்த வாரம் இல்லையென்றால் அந்த இடத்தைக் காலியாக விடாமல் பூஜ்யம் என்று போடுங்கள். காலியாக விட்டால், அது வரவில்லையா, நீங்கள் பார்க்கவில்லையா என்று பின்னால் படிப்பவருக்குத் தெரியாது. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் முடிந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள கல்லூரியின் விலங்கியல் துறைக்குப் போங்கள். தேதி வாரியாக எழுதிய நோட்டைப் பார்த்தால் உட்காரச் சொல்வார்கள்.